வெக்கை அறியாத ரத்தம்

மாடுகளின் கொள்ளைநோயான வெக்கைக்கு ரத்தம் சோதிக்கும் எலைசா தட்டில் 96 குழிகள். நிறம் ஏறிய குழியைப் பார்த்ததும் நோய் என்று நினைக்கத் தோன்றும். விஷயம் நேர்மாறு. குழியின் அடியில் வைரஸின் புரதம் ஒட்டியிருக்கிறது. மாட்டுச் சீரத்தின் எதிர்ப்பொருளும் ஆய்வகம் தயாரித்த எதிர்ப்பொருளும் அதே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. மாட்டினுடையது முந்திக்கொண்டால் மற்றதற்கு இடமில்லை, நிறம் மங்கும். நன்றாக நிறம் ஏறினால் அந்த மாடு வெக்கையைக் கண்டதே இல்லை.

*

பிழைத்த மாட்டை விட்டு வைரஸ் போய்விடும். எதிர்ப்பொருள் ஆயுளுக்கும் இருக்கும். ஆனால் அது நோயால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று சீரம் சொல்லாது. கென்யாவின் முகுகாவில் வால்டர் பிளவ்ரைட் உருவாக்கிய தடுப்பூசி அவ்வளவு நன்றாக வேலை செய்ததால் வந்த சங்கடம் இது. கோமாரியில் ஒரு வழி உண்டு: சுத்திகரித்த தடுப்பூசியில் இல்லாத வைரஸ் புரதங்களுக்கு எதிர்ப்பொருள் தென்பட்டால், அது நோயின் தடம். வெக்கைக்கு அந்த வசதி இல்லை.

அதனால், நோய் ஒழிந்ததா என்று அறிய ஊசியையே நிறுத்தவேண்டியிருந்தது. காப்பாற்றிக்கொண்டிருப்பதைக் கைவிட்டால்தான் அது இனி வேண்டாம் என்று தெரியும். ஊசியை நிறுத்தும் கோப்பில் கையெழுத்திட்டவர் அன்றிரவு தூங்கினாரா?

*

பிறகு காத்திருப்பு. ஊசி நின்றபின் பிறந்த கன்றுகளிடம்தான் ரத்தம் எடுக்கவேண்டியிருந்தது. அதிலும் அவசரப்பட முடியவில்லை. பசுவின் கருப்பையில் இருக்கும்போது கன்றுக்கு எதிர்ப்பொருள் போய்ச் சேராது. பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில்தான் போகிறது. தாய்க்கு எப்போதோ போட்ட ஊசி, கன்றின் ரத்தத்தில் மாதக்கணக்கில் தெரியும். கன்றுக்கு ஒரு வயது தாண்டட்டும் என்று பொறுத்திருக்கவேண்டியிருந்தது. ஆய்வகத்துக்கு இது இடைஞ்சல். எனக்கென்னவோ இந்தக் கதை முழுவதிலும் பிடித்த இடம் இதுதான்.

*

இந்தியாவின் கடைசி வெக்கை 1995இல், தமிழகத்தில். நாட்டில் வெக்கைத் தொற்றே இல்லை என்ற அங்கீகாரம் வந்தது 2006இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆய்வகங்கள் செய்த வேலை, 'இல்லை' என்ற விடையைச் சேர்த்துக்கொண்டே போனது. உலகம் முழுவதும் ஒழிந்ததாக 2011இல் அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு அப்படி ஒழிந்த நோய் இது ஒன்றே.

*

அடுத்த இலக்கு ஆட்டுக்கொல்லி நோய், 2030க்குள். அதன் வைரஸ், வெக்கை வைரஸின் நெருங்கிய உறவு. ஆனால் ஆடு மாட்டைப்போல நிலைத்து நிற்பதில்லை. ஊசி போட்ட கிடா சந்தைக்குப் போய்விடுகிறது, போடாத குட்டிகள் பட்டியை நிரப்பிவிடுகின்றன. ஊசியை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி அங்கே இன்னும் கடினம்.