அலமாரியில் உறங்கும் கண்ணாடி



ஐயாயிரம் பேர் உண்டபின், மீந்த துணிக்கைகளையும் வீணாக்காமல் சேர்க்கச் சொன்னார் நம் ஆண்டவர். நாமோ பவர் மாறியதும் பழைய மூக்குக்கண்ணாடியை அலமாரியில் போட்டுவிடுகிறோம்; பின்பு அது குப்பைக்குப் போகிறது. இக்காலத்து வில்லைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். மண்ணில் மக்குவதில்லை, அமராவதிக் கரையில் கொளுத்தினால் நச்சுப்புகைதான் மிஞ்சும்.

பிரேம் உறுதியாயிருந்தால் வில்லையை மட்டும் மாற்றுங்கள். வேண்டாததைத் தானஞ் செய்யுங்கள். 1925-ல் ஹெலன் கெல்லர் அம்மையார் விடுத்த வேண்டுகோளை ஏற்ற லயன்ஸ் சங்கத்தார், உலகின் பல இடங்களில் பழைய கண்ணாடிகளைச் சேர்த்து, கழுவி, பவர் அளந்து ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் எவரும் கண்ணைச் சோதிக்காமல் பிறர் கண்ணாடியை மாட்டிக்கொள்ளலாகாது.

வெள்ளெழுத்து வந்த தையற்காரருக்கு ஊசிக்காது தெரியாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. உங்கள் அலமாரியில் உறங்குவது அவருடைய பிழைப்பாயிருக்கலாம். இன்றே திறந்து பாருங்கள்.

— பங்குக் குரு