களங்கம் யார்மீது?

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணைச் சமூகம் பாதிக்கப்பட்டவளாக மட்டும் பார்ப்பதில்லை, களங்கப்பட்டவளாகவும் பார்க்கிறது. ஒருவன் செய்த பாவம் அதற்கு இரையானவள்மீது எப்படி ஒட்டும்? சமயங்கள் நெடுங்காலமாகத் தடுமாறிய கேள்வி இது.

கி.பி. 410இல் விசிகோத் படை உரோமையைச் சூறையாடியபோது, கன்னியராக நோன்பு பூண்டவர்கள் உட்படப் பல பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அவர்களை ஏசியவர்களுக்குப் புனித அகுஸ்தினார் ‘கடவுளின் நகரம்’ நூலின் முதல் பகுதியில் பதில் எழுதினார். கற்பு மனத்தைச் சேர்ந்தது, மனம் இசையாதபோது அடுத்தவன் வன்செயலால் அது போய்விடாது என்பது அவர் வாதம். வல்லுறவுக்கு ஆளானபின் மானத்துக்காக உயிரை மாய்த்துக்கொண்ட பழைய உரோமைப் பெண் லுக்ரீசியாவைக் கொண்டாடுவதையும் அவர் ஏற்கவில்லை. ஆனால் அதே நூலில், அந்தப் பெண்களுள் சிலரிடம் மறைவான செருக்கு இருந்திருக்கலாம், அதனால் இறைவன் இதை அனுமதித்திருக்கலாம் என்றும் எழுதுகிறார். குற்றமற்றவள் என்று தீர்ப்பளித்த பிறகும் காரணத்தை அவளிடமே தேடுகிறார்.

இந்து தர்மசாத்திர நூலான தேவல ஸ்மிருதியும் இப்படித்தான். அந்நியர் கவர்ந்து சென்ற பெண்ணை அது கைவிடச் சொல்லவில்லை. பிராயச்சித்தம் செய்வித்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தக் காலத்துக்கு அது பெரிய கருணை. என்றாலும் நோன்பிருக்க வேண்டியவள் அவள்தான்.

இன்றைய நீதிமன்றமும் இதே தடுமாற்றத்துக்கு விலக்கல்ல. பெங்களூரில் 2020 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் முன்ஜாமீன் வழங்கியது. புகார் தந்த பெண் இரவு 11 மணிக்கு ஏன் அலுவலகம் போனாள் என்று அந்த ஆணை கேட்டது. சம்பவத்துக்குப் பிறகு களைத்துத் தூங்கிவிட்டதாக அவள் சொன்னது இந்தியப் பெண்ணுக்குத் தகாதது என்றும் குறிப்பிட்டது. கண்டனம் எழுந்தபின் அந்த வரி நீக்கப்பட்டது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் ஆணைகளில் பெண்ணின் உடை, நடத்தை பற்றிப் பேசக்கூடாது என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் அறிவுறுத்தியது.

நீதிமன்றம் கைவிட வேண்டிய கேள்வியைத் தெருவும் கைவிட வேண்டும். பெங்களூரின் ஜீவனஹள்ளியிலோ வேறெங்கோ ஒரு வீட்டில் இது நேர்ந்தால், “அந்த நேரத்துல ஏன்மா போன?” என்பதும், “வெளிய தெரிஞ்சா யார் கட்டிக்குவா?” என்பதும் அவளுக்கு இழைக்கப்படும் இரண்டாம் அநீதி. அவளை நம்புங்கள், உடன் செல்லுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் கட்டணமின்றி உடனே சிகிச்சை தரச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.