அனுமதி கேட்க வேண்டிய வாசல்



பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் கூறி, அனுமதி கிடைத்த பிறகே உள்ளே செல்ல வேண்டும். திரும்பிப் போகச் சொன்னால் மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும். இது அல்லாஹு தஆலா 'அந்நூர்' அத்தியாயத்தில் இட்டிருக்கும் கட்டளை. பஜ்ருக்கு முன்பும், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும்போதும், இஷாவுக்குப் பின்பும் பெற்ற பிள்ளைகள்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்பதும் அதே அத்தியாயத்தின் சட்டமாகும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்துக் கதவுத் துவாரத்தின் வழியே ஒருவர் எட்டிப் பார்த்தார். பெருமானார் அவர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் சட்டம் ஏற்பட்டதே பார்வையை முன்னிட்டுத்தான் என்றும் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. ஆக, கால் நுழைவதற்கு மட்டுமன்று, கண் நுழைவதற்கும் அனுமதி வேண்டும்!

இன்று நம் வீடுகளில் மதில் உயரமாக இருக்கிறது. வாசலில் திரையும் தொங்குகிறது. ஆனால் செல்போன் என்னும் வாசலோ இரவும் பகலும் திறந்தே கிடக்கிறது. மருத்துவமனையில் மூக்கில் குழாயுடன் படுத்திருக்கும் தாயாரின் படத்தை, துஆச் செய்யுங்கள் என்று மகன் ஸ்டேட்டஸில் வைக்கிறார். அந்தத் தாயாரிடம் கேட்டாரா? மருதாணி இட்ட மணப்பெண்ணைத் தோழி படமெடுத்துப் பரப்புகிறாள். மணப்பெண்ணின் சம்மதம் பெற்றாளா? வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் பார்த்தவர் ஒரு நொடியில் படியெடுத்துக்கொண்டால் அது எப்படி மறையும்? குடும்பத்தோடு உம்ராவுக்குப் புறப்பட்டோம் என்று பேஸ்புக்கில் போடுவது, வீடு பூட்டிக் கிடக்கிறது என்று திருடனுக்குச் சொல்லி அனுப்புவதாகாதா?

2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் நம் நாட்டில் நடந்ததை மறக்க முடியாது. சமூக வலைத்தளங்களில் இருந்த முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, ஏலப் பொருள்போல் காட்சிக்கு வைத்தார்கள் கயவர்கள். பாவம் திருடியவர்களுடையது, அப்பெண்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. எனினும் களவு நடக்கும் ஊரில் கதவைத் தாழிடுவது அறிவுடைமை அன்றோ!

ஆகவே, படத்தில் இருப்பவரிடம் கேட்காமல் எதையும் வெளியிட வேண்டாம். குழந்தையானால் தாய் தந்தை இருவரும் கலந்து முடிவு செய்யட்டும். ஸ்டேட்டஸை இன்னார் மட்டும் பார்க்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப்பில் ஆறு இலக்க இரகசிய எண்ணை ஏற்படுத்துங்கள். போனுக்கு வரும் ஓடிபி எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். பிறருடைய அந்தரங்கப் படம் உங்களிடம் வந்தால் அது உங்களோடு நிற்கட்டும். பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து.

பெற்றோர்களே! படத்தைக் காட்டி ஒருவன் மிரட்டுகிறான் என்று உங்கள் மகள் அழுதுகொண்டு வந்தால், முதலில் அவளை அணைத்துக்கொள்ளுங்கள். வீட்டாரின் கோபத்துக்கு அஞ்சி அவள் மௌனமாக இருப்பதே மிரட்டுபவனின் பலம். அவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள், அவையே சாட்சி. அரசின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான இத்தகைய குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் முறையிடலாம். மோசடியில் பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள். மகளின் மானத்தைக் காப்பது, அவளைக் கடிந்து வாயடைப்பதில் இல்லை. அவள் பக்கம் நிற்பதில் இருக்கிறது.

நம் குறைகளையெல்லாம் அறிந்தும் திரையிட்டு மறைக்கும் வல்ல நாயன், பிறர் திரையை விலக்காத கண்களையும் கைகளையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.