பச்சையும் பழியும்

உடலிற் குத்திய பச்சை ஒருவனது குணத்தைக் காட்டுமோ? காட்டும் என்பாரே நம்மவரிற் பலர். பிரிக்பீல்ட்ஸில் பச்சை குத்தும் கடையொன்றிலே விருப்பத்தோடு உழைக்கும் இளைஞனுக்குப் பெண் கொடுக்கவும் தயங்குகின்றனர்.

இக்கலை நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டிலே குறத்தியர் விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றிற் குழைத்து, ஊசியாற் கோலமும் தேளும் குத்தினர். குத்தும்வரை கையை நீட்டியிருந்தவர்களே, முடிந்ததும் குறத்தியை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கூலி நெல் அளந்தனர்.

அரசின் கையில் அதே ஊசி தண்டனையாயிற்று. வங்காளத்தில் 1797-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுட்கைதிகளின் நெற்றியிற் குற்றத்தைக் குத்தினர். அவ்வாறு குறியிடப்பட்டோர் பினாங்குக்கும் நாடு கடத்தப்பட்டனர். 1849-இல் அக்கொடுமை ஒழிந்தது. சரவாக்கின் இபான் மக்களோ, ஊர்விட்டுப் புறப்படும் இளைஞனின் தோளிற் கத்தரிப்பூக் குத்திப் பெருமை கொண்டனர். எனவே பழி மையில் இல்லை. ஒருவனுடலை அவன் இசைவின்றிப் பிறர் ஆள்வதிலேயே உள்ளது.

கிராணி வேலை பார்க்கும் நாமும் குற்றமற்றவர் அல்லோம். ஆங்கிலம் படித்த மிடுக்கில், கிள்ளானில் நம் பள்ளி விழாவுக்கு வந்த பாட்டியிடம், பச்சை குத்திய கையை முந்தானையால் மூடிக்கொள்ளச் சொன்னோம். பால்மரம் சீவி நம்மைப் படிக்கவைத்தது அக்கையே. அவர் மறுமொழி கூறாது மூடிக்கொண்டார். அவர் இறந்த நாளிலே அக்கோலத்தைத் தொட்டுப் பார்த்தோம். மன்னிப்புக் கேட்கக் காலம் கடந்துவிட்டது.

தோழர்களே! அவ்விளைஞனது ஊசி தூயதா, வந்தவர் மனமொப்பி வந்தாரா என்று கேளுங்கள். நியாயமான கேள்விகள் அவையே. மனிதனின் தகுதியைத் தோலிலே தேடும் வழக்கத்தால் நாம் பட்டது போதாதோ?