முதலில் தானியம், பிறகு தழுவல்



லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களில் முதியோரைக் கேட்டுப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதியைப் பின்னைக்கு விட்டது. அம்மக்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. உழைப்பை வாங்கிக்கொண்டு உரிமையை மறுப்பது துரோகமன்றி வேறென்ன?

இத்தகைய காயம் ஆறுமா? ஆதியாகமத்தில் வரும் யோசேப்பைப் பாருங்கள். உடன்பிறந்தோரே அவரை 20 வெள்ளிக்காசுக்கு விற்றனர். பஞ்ச காலத்தில் அவர்கள் கையேந்தி வந்தபோது, சாக்குகளைத் தானியத்தால் நிரப்பி, அவர்கள் கொடுத்த பணத்தையும் உள்ளே வைத்தனுப்பினார். ஆனால் தாம் யாரென்று உடனே சொல்லவில்லை. தம்பி பெஞ்சமினுக்காக யூதா தன்னையே அடிமையாக ஒப்புக்கொடுத்த பின்னரே தம்மை வெளிப்படுத்தினார், அழுது அணைத்துக்கொண்டார். அப்போதும், அவர்கள் தம்மை விற்றதை மறைக்காமல் சொன்னார்.

ஆகவே மன்னிப்பு என்பது நடந்ததை மூடி மறைப்பதன்று. நம்பிக்கை திரும்ப, மனமாற்றம் வேண்டும். அதற்குக் காலம் ஆகலாம். பசியோ காத்திராது.

நாட்டில் நடந்த துரோகம் சிறிய அளவில் நம் லயத்திலும் நடக்கிறது. சீட்டுப் பணத்தில் உங்களை ஏமாற்றியவர் அடுத்த காம்பராவிலேயே இருக்கலாம். கணக்கைக் கேளுங்கள்; அது உங்கள் உரிமை. ஆனால் அவர் பிள்ளை பசியோடு வாசலில் நின்றால், கணக்குத் தீரும்வரை நிறுத்தி வைக்காதீர்கள். ஒரு ரொட்டியைக் கொடுங்கள். உங்கள் காயமும் அன்றே ஆறத் தொடங்கும்.