மனநோயும் மலநோயும்

திருச்சிற்றம்பலம்



சென்ற திங்கள் ஒரு திருமடத்தில் நிகழ்ந்த மாகேசுர பூசைக்குச் சென்றிருந்தேம். பந்தி கலைந்தபின் அன்பர் ஒருவர் எம்மைத் தூணோரமாக அழைத்துச்சென்று, தம் மூத்த மகன் ஆறு திங்களாக ஒருவரோடும் பேசுவதில்லை யென்றும், கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கின்றா னென்றும், இட்ட சோறு இட்டபடியே இருக்கின்ற தென்றும், சுற்றத்தாருட் சிலர் 'பிள்ளைக்கு வைராக்கியம் பிறந்துவிட்டது' என மெச்ச, வேறு சிலர் ஏவல் என அஞ்ச, தாம் இருவர்க்கும் நடுவே நின்று தியங்குவதாகவும் கூறி, "நம் சித்தாந்தம் இதற்கு யாது சொல்லும்?" என வினவினார். வினவும்பொழுது அவர் குரல் தழுதழுத்தது. அன்று அவர்க்குச் சுருங்கச் சொல்லியதனையே ஈண்டுச் சிறிது விரித்துரைப்பான் புகுந்தேம். இத்தகைய கவலை அவர் ஒருவர் மனைக்கண் மட்டும் உள்ளதன்று என்பது நீவிர் அறிந்ததே.

முதற்கண் ஆராயற்பாலது, இங்கு நோயுற்றது யாது என்பதாம். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் பிரகிருதி மாயையினின்றும் தோன்றிய தத்துவங்கள். அவை சடம், உயிர்க்குக் கருவியாவன. உயிர் அவற்றின் வேறாய், அவற்றோடு கூடிநின்று அறிவது. சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் இதனை நிறுவுதற்கு அரசனையும் அமைச்சரையும் உவமையாகக் காட்டிற்று. அமைச்சன் பிணியுற்றுக் கிடந்தானாயின் அரசன் ஆணை நாட்டிற் சென்று சேராது. வந்த ஓலை அரசன்முன் படிக்கப்படாது. படிக்கினும் பிறழப் படிக்கப்படும். அதுகொண்டு அரசனைப் பழிப்பார் உளரோ? கண் என்னுங் கருவி படலம் மூடப்பெற்ற காலத்து 'இவர்க்குக் கண்ணிற் குறை' என்கின்றோமேயன்றி, 'இவர் குறையுடைய உயிர்' என்று கூறுகின்றிலேம். மனம் என்னுங் கருவி பழுதுற்ற காலத்து மட்டும் ஆளையே 'பைத்தியம்' என்று பெயரிட்டழைத்தல் எந்நூல் கொண்டு? மனத்தை ஆன்மா வென்று மயங்கும் அந்தக்கரண ஆன்மவாதியின் மதத்தைப் பாடங் கேட்கும் இடத்தில் மறுத்துவிட்டு, வீடு திரும்பியதும் அம்மதத்தையே கைக்கொள்கின்றோம். நோயாளன் வெட்கமும், அவனைப் பெற்றார் வெட்கமும் இம்மயக்கத்தினின்றே பிறப்பன.

ஆணவமோ வேறு. அஃது உயிரோடு அநாதியே செம்பிற் களிம்புபோல உடன்கிடப்பது; எல்லா உயிர்க்கும் பொது; மருத்துவர்க்கும் உண்டு, எமக்கும் உண்டு; திருவருளாலன்றி அதன் சத்தி மெலியாது. மனநோய் அங்ஙனம் அநாதியன்று. இழவு, கடன், மகப்பேறு, நெடுநாள் உறக்கமின்மை, குடிப்பழக்கம், குடிவழி வரும் இயல்பு என்று அதற்குக் காரணங்கள் பல. கழுத்தின்கண் உள்ள தைராய்டுச் சுரப்பி தன் தொழிலிற் குன்றினும் சோர்வும் துயரும் மிகும் என்ப மருத்துவ நூலார். இவ்விரு நோயையும் ஒன்றாகக் கருதி, துயரத்தால் எழமாட்டாது கிடப்பானை நோக்கி, 'உன் ஆணவம் அடங்கவில்லை. அதனால் இப்படி ஆயினை' என்பார் உளர். மலநோய்க்குரிய உரையை மனநோய்க்குப் பெய்வது அது. காய்ச்சலால் நடுங்குவான் தலையில் ஆகமத்தைப் படித்துக் காட்டுதலோ டொக்கும்.

பிறர் பிழையைச் சொல்லும் யாம் எம் பிழையை மறைத்தல் முறையன்று. பல ஆண்டுகளுக்கு முன் எம் தமக்கையின் மகள் தலைப்பிள்ளை பெற்றாள். பெற்ற சில நாட்குள், குழவியின் முகத்தைப் பாராள். இரவெல்லாம் விழித்திருந்து அழுவாள். 'இப்பிள்ளைக்கு யான் கேடு செய்துவிடுவேனோ' என நடுங்குவாள். ஊரார் பேய் என்றனர். யாம் பேய் என்னவில்லை, படித்தவரல்லேமோ! 'பிராரத்தம், நுகர்ந்தே கழிக்கவேண்டும், திருநீறிட்டுத் திருவைந்தெழுத்தை ஓதுக' என்று சொல்லியனுப்பிவிட்டு, நடத்திக்கொண்டிருந்த பாடத்தைத் தொடர்ந்தேம். அவள் மாமியாரோ பள்ளி வாயிலை மிதித்தறியாத மூதாட்டி. அவ்வம்மையார் மருமகளையும் பிள்ளையையும் பேருந்தில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். ஆங்கு மருத்துவர், மகப்பேற்றின்பின் சிலர்க்கு இத்துயர் உண்டாவது இயல்பென்றும், தீர்வதென்றும் கூறி மருந்தும் ஈந்து, வாரந்தோறும் வரவழைத்துப் பேசியும் வந்தார். இரவில் பிள்ளையை மாமியாரே எடுத்துக்கொண்டு மருமகளை உறங்கவிட்டார். சில திங்களில் அவள் தேறினாள். பின்னொருநாள் யாம் அவ்வில்லிற்குச் சென்றபொழுது, மூதாட்டியார் எமக்கு மோர் கொடுத்து, "அண்ணாச்சி, உங்களுக்குக் கண்ணிலே புரை விழுந்தப்போ அறுத்துக்கிட்டீகளே, அதுக்கு மட்டும் வினை கிடையாதா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நாற்பதாண்டு கற்ற எமக்கு அவ்வினாவிற்கு விடையில்லை.

அவ்வினாவைப் பற்றிக்கொண்டு பின்னர் எண்ணிப் பார்த்தேம். நோய் வினைப்பயன் என்பது சித்தாந்த முடிபே. அதனை யாம் விட்டேமல்லேம். ஆயின், வினைப்பயன் துன்பமாக மட்டும் வந்து பொருந்தும் என்று கூறினார் யார்? நோய் வந்து பொருந்துதல் போலவே, மருந்து கிடைத்தலும், நல்ல மாமியார் வாய்த்தலும் முதல்வன் கூட்டுவிக்கப் பொருந்துவனவே. அன்றியும், நோய் நோயாளர்க்குப் பிராரத்தமாயின், அதனைக் கண்டும் வாளாவிருத்தல் நமக்கு ஆகாமியமாகும். பிறர் வினைக்கணக்கைப் பார்க்குங்கால் நம் கணக்கில் ஏறுவதை நோக்குகின்றோமில்லை.

'திருவருள் இருக்க மருத்துவன் எதற்கு?' என்பார்க்கும் ஒன்று கூறுதும். புள்ளிருக்குவேளூரில் இறைவனுக்கு வைத்தியநாதன் என்பது திருநாமம், வான்மியூரில் மருந்தீசன். மருத்துவத்தொழில் இழிவாயின் அப்பெயர் அவனுக்கு இடப்பட்டிராது. வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டில் கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர்சாலை நடைபெற்றதனையும், அதற்கு மருத்துவனும் அறுவைசெய்வானும் பணிமக்களும் அமைந்திருந்ததனையும் அறிவிக்கின்றது. தொழுதற்குக் கோயிலும், கிடத்தற்குப் படுக்கையும் அருகருகே வைத்த முன்னோர் அருளை ஐயுற்றவரல்லர்.

இனி, நோய் வந்தபின் செய்வது ஒருபுறம் இருக்க, நாள்தோறும் இல்லின்கண் நிகழ்வதைச் சிறிது நோக்குவோம். உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. அடுத்த பொருளின் நிறத்தைப் படிகம் ஏற்குமாறு போல, உயிர் தான் எதனைச் சார்ந்ததோ அதுவாய் நிற்கும். இதனைப் பந்தமும் முத்தியும் விளக்குதற்கே நாம் எடுத்தாளுகின்றோம். அடுக்களைக்கும் திண்ணைக்கும் இடையே கொணர்வதில்லை. 'நீ எதற்கும் உதவாய்' என்னுஞ் சொல்லை நாளும் கேட்கும் சிறுவன் அச்சொல்லின் நிறத்தை ஏற்கின்றான். பரீட்சை எண்களை அயல்வீட்டுப் பிள்ளையின் எண்களோடு ஒப்பிட்டுக் காட்டப்பெறும் பெண் அவ்வொப்பின் நிறத்தை ஏற்கின்றாள். மனைவி உரைப்பதற்கு மறுமொழி தாராது, செய்தித்தாளையோ கைப்பேசியையோ முகத்திற்கு நேரே பிடித்திருப்பவன், ஓர் உயிர்க்கு வெறுமையின் நிறத்தை ஊட்டுகின்றான். சிவபூசையில் ஒரு மணி நேரம் இருந்து எழுந்தவுடன் காப்பி ஆறிவிட்டதென்று வீடு அதிரக் கத்தும் பெரியோர் சிலரையும் யாம் அறிவேம். (அவருள் ஒருவர் இதனை எழுதுபவர் என்று எம் இல்லாள் கூறக்கூடும்.) உறக்கத்தையும் இங்கே சொல்லல் வேண்டும். நனவிற் றொழிற்பட்ட கருவிகள் ஒடுங்கி இளைப்பாறுதற்கென்றே அவத்தைகள் அமைந்துள்ளன. பல நாள் தொடர்ந்து உறக்கங் கெட்ட ஒருவரது இல்லில் அதனைச் சிறு செய்தியாக எண்ணிவிடுதல் ஆகாது. பெரும்பாலும் நோய் முதலில் தட்டுங் கதவு அதுவே.

துயருற்றாரோடு உடனிருப்பது எவ்வாறு என்பதற்குத் திலகவதியம்மையார் வரலாற்றினும் தெளிந்த இலக்கியம் எமக்குக் கிடைத்திலது. தந்தையார் புகழனார் மறைந்தார். தாயார் மாதினியார் உடன் சென்றார். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் நீத்தார். இவ்விடிகள் அடுத்தடுத்து வீழ, அம்மையார் உயிர்விடத் துணிந்தார். அப்பொழுது மருணீக்கியார் செய்தது யாது? உயிர்விடுதல் பாவம் என்று அறநூல் ஓதினாரல்லர், 'அழாதே' என்றாரல்லர், அதட்டினாரல்லர். அடியில் வீழ்ந்து, 'பெற்றோரும் சென்றபின் நும்மைத் தொழுதிருக்கலாம் என்பதனாலன்றோ யான் உயிர் தரித்தேன். நீர் செல்வீராயின் யான் முன்னரே செல்வேன்' என்னுங் கருத்துப்பட அழுதார். தாம் ஒருவர்க்கு வேண்டப்படுகின்றோம் என்பதனை அம்மையார் அறிந்தார், இருந்தார். சேக்கிழார் இதனை மிகச் சில பாட்டுள் முடித்துவிடுகின்றார். யாம் பலமுறை அவ்விடத்தை விரைந்து கடந்து சூலை நிகழ்ச்சிக்குச் சென்றுவிட்டேம். இப்பொழுது அங்கேயே நின்றுவிடுகின்றோம். அன்று ஒரு சிறுவன் தமக்கையின் அடியைப் பற்றிக்கொள்ளாதிருந்தால் தேவாரம் ஏது?

பின்னர் முறை மாறிற்று. தம்பியார் சூலையால் வருந்தி ஆள் அனுப்பியபொழுது, அம்மையார் தாம் அவ்விடத்திற்கு வாரேம் என மறுத்தார். இம்மறுப்பையும் நோக்குமின். உடனிருப்பார் தம் நிலையை முழுதும் இழந்துவிட வேண்டுமென்பதில்லை; அவர்க்கும் ஒரு வரம்பு உண்டு. ஆயின், தம்பியார் இருளில் வந்து அடியில் வீழ்ந்தபொழுது, 'அன்றே சொன்னேனே' என்னுஞ் சொல் அம்மையார் வாயினின்றும் வந்திலது. எடுத்தார், திருநீறு அளித்தார், விடியுமுன்னர் அலகும் தோண்டியும் கொண்டு தாம் நாளும் செய்யுந் தொண்டிற்குப் புறப்பட்டவர், தம்பியாரையும் உடன் அழைத்துச் சென்றார். நோயாளரை மூலையில் வைத்துப் பூட்டாது அன்றாடத் தொழிலிற் சேர்த்துக்கொள்வது எத்துணைப் பெரிய செயல் என்பதனை, நோயாளரோடு வாழ்ந்தார் அறிவர்.

வைராக்கியம் என்று மெச்சினார்க்கு வருவோம். இது திருமடத்தார் சிறப்பாக எண்ணற்பாலது. துறவு வேண்டி வரும் இளைஞருட் சிலர் உலகின் நிலையாமையை உணர்ந்து வருகின்றனர். சிலர் உள்ளம் ஒடிந்து வருகின்றனர். புறத்தே இருவரும் ஒருபடியாகவே தோன்றுவர். ஊண் சிறிது, உரை சிறிது, உடையிற் கருத்தில்லை. இருவினையொப்பு வந்தவனிடத்து அன்பு வற்றுவதில்லை. தன் வீட்டுப் பசு நோயுற்றதென்றாலும் அவன் எழுந்து செல்வான். உள்ளம் ஒடிந்தவனுக்கோ, முன்பு இனித்தது எதுவும் இனியாது. பாட்டும் பூசையும் கூடச் சுவையா. தான் பிறர்க்குச் சுமை என்னும் எண்ணமே ஓங்கி நிற்கும். 'யான் இல்லாவிடில் எல்லார்க்கும் நலம்' என்று ஒருவன் கூறுவானாயின், அதனை அகந்தை நீங்கிய உரையாகக் கொண்டு மகிழ்தல் பெரும்பிழை. அவனைத் தனியே விடாது உடனிருந்து, அன்றே மருத்துவரிடம் சேர்த்தல் வேண்டும். இறந்துபோக எண்ணுகின்றனையோ என்று நேரே கேட்டலால் அவ்வெண்ணம் புதிதாகப் பிறந்துவிடாது என்பர் இத்துறை வல்லார். கேட்கப்பெறாமையால் அது வளர்தலே மிகுதி.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த கொட்டகை ஒன்று விடியற்காலையில் தீப்பற்றிற்று. அவர்கள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையின் ஓடமாட்டாது 28 பேர் மாண்டனர். எச்சமயத்தார் தலத்தருகே நிகழ்ந்தது என்பதன்று ஈண்டு வினா. எல்லாச் சமயத்தார் பிள்ளைகளும் அங்குக் கிடந்தனர். கொணர்ந்து விட்டவர் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. 2017-ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளரை எவ்வாற்றானும் சங்கிலியிற் பிணித்தலாகாது எனத் தடுத்தது. உயிர்விட முயன்று பிழைத்தாரை, மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, கடுந்துயரின்வாய்ப் பட்டாராகவே கொள்ளவேண்டும்; ஒறுத்தலாகாது என்றும் விதித்தது. மருணீக்கியார் தமக்கையாரை நோக்கிய நோக்கிற்குச் சட்டம் வந்துசேர இத்துணைக் காலம் பிடித்தது.

2022-ஆம் ஆண்டு முதல் 14416 என்னும் எண்ணில் தொலைபேசி வாயிலாக எப்பொழுதும் கட்டணமின்றி மனநல உதவி அளிக்கப்பெற்று வருகின்றது; தமிழிலும் பேசலாம். பூசைக்காலங்களை எழுதிவைக்கும் பலகையின் கீழ் இவ்வெண்ணையும் எழுதிவைத்தல் ஆகாதோ என்று திருமடத் தலைவர்களை வணங்கிக் கேட்கின்றோம். பலகைக்கு இழுக்கு வாராது.

தூணோரம் எம்மை அழைத்துச்சென்ற அன்பர், அன்று யாம் கூறியவற்றைக் கேட்டு ஒன்றும் சொல்லாது சென்றுவிட்டார். எம் சொல் பிடிக்கவில்லை போலும் என்றிருந்தேம். இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. மகனை மருத்துவரிடம் அழைத்துச்சென்றாராம். நெடுநேரம் அவன் தலை நிமிராமல் இருந்தானாம். மருத்துவர் அவசரப்படவில்லையாம். எழுந்து வருந் தறுவாயில் அவன், "எனக்கு உறக்கம் வருவதில்லை, ஐயா" என்றானாம். ஆறு திங்களுக்குப்பின் மகன் குரலைக் கேட்டதாக எழுதியிருக்கின்றார்.

திருச்சிற்றம்பலம்