சட்டை அளவு தெரியாத தகப்பன்



போன கிறிஸ்துமஸுக்கு முன்னே துணி எடுக்கக் கும்பகோணம் போயிருந்தேன். என் மூத்த மகனுக்கு ஒரு சட்டை வேண்டும் என்றேன். கடைத் தம்பி, "பையனுக்கு என்ன சைஸ் சார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "பதினேழு வயசு தம்பி, ஏறக்குறைய என் உயரம் இருப்பான்" என்று சமாளித்தேன். "ஒல்லியா இருப்பாரா, சதைப்பிடிப்பா இருப்பாரா?" என்றார். அதற்கும் திக்கினேன்.

அதே நேரத்தில் என் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. வாலிபர் முகாமுக்கு இருபத்தாறு பனியன் வாங்கவேண்டிய பட்டியல். யாருக்கு மீடியம், யாருக்கு லார்ஜ், யாருக்கு அதற்கும் மேலே என்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். என் மகன் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவன்தான் வீட்டிலேயே இருக்கிறானே என்று விட்டிருக்கிறேன்!

திருப்பனந்தாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆவியானவர் ஒரு வசனத்தை என் உள்ளத்தில் கொண்டுவந்தார். 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரம், பத்தொன்பதாம் வசனம். அன்னாள் வருஷந்தோறும் சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டை செய்து சீலோவுக்குக் கொண்டுபோவாள். எத்தனை தரம் இதைப் பிரசங்கித்திருக்கிறேன்! அன்னாளின் கண்ணீர், அன்னாளின் பொருத்தனை, அன்னாளின் துதி என்று மூன்று தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசுவேன். சட்டையை மட்டும் சுலபமாய்த் தாண்டிப் போய்விடுவேன்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை சீலோவில் இருக்கிறான். தாய் ராமாவில் இருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தரந்தான் பார்க்கிறாள். போன வருஷத்து அளவில் தைத்தால் இந்த வருஷம் போடமுடியாது. தோள் எவ்வளவு அகன்றிருக்கும், கை எவ்வளவு நீண்டிருக்கும் என்று அந்த அம்மாள் மனசாலே அளந்து அளந்து தைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவளுக்கு மூன்று குமாரரும் இரண்டு குமாரத்திகளும் பிறந்தார்கள் (1 சாமு. 2:21). கை நிறைய பிள்ளைகள், வீடு நிறைய வேலை. ஆனாலும் தூரத்தில் இருக்கிற பிள்ளையின் அளவு அவளுக்கு மறக்கவில்லை.

நம்முடைய பகுதியில் இது எல்லாருக்கும் புரியும். எத்தனை வீட்டில் தகப்பன் சிங்கப்பூரில், துபாயில், மஸ்கட்டில்! இரண்டு வருஷம் கழித்துப் பெட்டி நிறைய சட்டையோடு வருவார். ஆசை ஆசையாய் எடுத்த சட்டை, பிள்ளை போட்டுப் பார்த்தால் பட்டன் போடமுடியாது. அந்தத் தகப்பன் மனசில் இருக்கிறது அவர் விட்டுப்போன பிள்ளை. வாசலில் நிற்கிறவன் வேறொருவன். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள், அதனால் அளவு தப்பிப்போகிறது. நான் அடுத்த அறையில் இருக்கிறேன்!

மிஷனரி என்றதும் நமக்குக் கப்பலும் காடும் ரத்தசாட்சியும் நினைவுக்கு வருகிறது. அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா, பிள்ளைகள் எங்கே படுத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. மயிலாடுதுறையில் பஸ் மாறினால் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கு ஐயர் அங்கே வந்து இறங்கினார். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது இந்தத் தேதியை மனப்பாடம் பண்ணி மார்க்கு வாங்கினேன். ஆனால் அவர் எப்படித் தமிழ் கற்றார் என்பதுதான் இப்போது என்னைத் தொடுகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிக் கற்றார். அந்நிய தேசத்திலிருந்து வந்த குருவானவர் பிள்ளைகளுக்குச் சமமாய் உட்கார்ந்தார். அடுத்த ஒன்பது வருஷத்துக்குள் தமிழிலே புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது.

அந்நிய இடத்துக்குப் போகிறவன் அந்த இடத்துப் பாஷையைப் படிக்கத்தான் வேண்டும். இது நம்ம ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. காசிக்குப் போய் மடம் ஏற்படுத்திய குமரகுருபரர் அங்குள்ள பாஷையைக் கற்றார் என்று காசி மடத்துப் பெரியவர்கள் சொல்லுவார்கள். மார்க்கம் வேறு, ஆனாலும் அந்தப் பிரயாசத்தை நாம் மதிக்கவேண்டும். வாலிபர் ஊழியமும் ஒருவகையில் அந்நிய தேசத்து ஊழியம்தான். போன மாதம் என் பிரசங்க உதாரணம் ஒன்றை என் மகன் 'கிரிஞ்ச்' என்றான். நான் ஏதோ பாராட்டு என்று நினைத்து, தேங்க்ஸ் சொன்னேன்.

தரங்கம்பாடியில் இன்னொரு குடும்பம். கோலாஃப் ஐயர் 1737இல் வந்தார். அவருடைய மகன் ஜான் காஸ்பர் கோலாஃப் தரங்கம்பாடியிலேயே 1762இல் பிறந்தார். தகப்பன் சிறுவனாயிருந்த மகனை ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஒப்புவித்தார். ஏலியிடத்தில் சாமுவேலைக் கொண்டுபோய் விட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஸ்வார்ட்ஸ் ஐயருக்குக் கலியாணம் இல்லை, சொந்தப் பிள்ளை இல்லை. ஆனால் அவர் தோளில் எத்தனை பிள்ளைகள்! இந்தக் கோலாஃப் பையன் ஒருவன். திருநெல்வேலியிலிருந்து தஞ்சாவூருக்கு அவர் அழைத்துவந்த பையன் பிற்காலத்தில் வேதநாயகம் சாஸ்திரியார் ஆனார். துளஜா மகாராஜா 1787இல் மரிக்கும் தறுவாயில் ஒப்புவித்த சுவீகாரப் பிள்ளைதான் சரபோஜி. சரபோஜி கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை. நம்முடைய கணக்குப் புத்தகத்தில் அவர் தோல்வி. ஆனால் 1798 பிப்ரவரி 13ஆம் தேதி ஸ்வார்ட்ஸ் ஐயர் நித்திரையடைந்தபோது அந்த ராஜா சொந்தத் தகப்பனை இழந்தவர்போல் அழுதார். லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேனைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சின்னம் செய்வித்தார். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா அருகே ஸ்வார்ட்ஸ் ஆலயத்தில் போய்ப் பாருங்கள். மரணப்படுக்கையில் ஐயர், அவர் கையைப் பிடித்தபடி ராஜா. ஒரு வாலிப ஊழியன் இதைவிட வேறென்ன சம்பாதிக்க முடியும்? எண்ணிக்கை எழுதி அறிக்கை அனுப்புகிற நமக்கு இது கொஞ்சம் உறைக்கவேண்டும்.

1787இல் இன்னொன்றும் நடந்தது. தகப்பன் கோலாஃப் ஐயர் இந்தியாவில் ஐம்பது வருஷம் ஊழியத்தை நிறைவு செய்தபோது, அந்த மகன் குருவாக அபிஷேகம் பண்ணப்பட்டார். பிறகு தஞ்சாவூரிலே 1844இல் தாம் மரிக்கும்வரை ஊழியம் செய்தார். அவருடைய மகனும் மிஷனரி. மூன்று தலைமுறை! அல்லேலூயா!

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி அமைந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் மிஷனரிக் குடும்பத்துப் பெண். பெற்றோர் ஊழியத்துக்காக இந்தியாவுக்குத் திரும்பினபோது, அந்தப் பிள்ளையை அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். 'நான் மட்டும் மிஷனரி ஆகவே மாட்டேன்' என்று அந்தப் பெண் தீர்மானம் பண்ணியிருந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890இல் திண்டிவனம் வந்த இடத்தில்தான், ஒரே இரவில் மூன்று ஆண்கள் தங்கள் மனைவிகளின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்ததும், பெண் மருத்துவர் இல்லாமல் அந்த மூன்று பெண்களும் மரித்ததும் அவளை உடைத்தது. வேலூர் ஆஸ்பத்திரியின் கதையை நாம் இந்த இரவிலிருந்து சொல்லுவோம். அதற்கு முன்னே அமெரிக்காவில் தனியாய் விடப்பட்ட பெண்ணை விட்டுவிடுவோம். அவளும் அந்தச் சாட்சியில் ஒரு பங்குதான்.

இனி என் காரியத்துக்கு வருகிறேன். என் மகனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கப்பா, என் பேர் போடாதீங்க" என்றான்.

புது வருஷம் பிறந்து இரண்டாம் சனிக்கிழமை. வாலிபர் கூட்டம் முடிந்து, தனிப்பட்ட ஜெபம் வேண்டியவர்கள் வரிசையாய் வரச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தலையிலும் கை வைத்து ஜெபித்துவந்தேன். ஒரு தலையில் கை வைத்து, "தம்பி, எதுக்காகப்பா ஜெபிக்கணும்?" என்றேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன்.

"அப்பா, நான்தான்."

கண்ணைத் திறந்தேன். "என்னடா, நீ எதுக்கு இங்க நிக்கிற? வீட்ல பேசிக்கலாம்ல" என்று தாழ்ந்த குரலில் அதட்டினேன்.

"வீட்ல நீங்க இருக்கறதில்லப்பா. இங்க வரிசையில நின்னா ஆளுக்கு அஞ்சு நிமிஷம் தர்றீங்க."

பிறகு சொன்னான். ஒரு வருஷமாகத் தன்னால் ஜெபிக்கவே முடியவில்லையாம். ஆராதனையில் எல்லாரும் கை உயர்த்தும்போது, பாஸ்டர் மகன் உயர்த்தாவிட்டால் உங்களுக்கு அசிங்கம் என்று தானும் உயர்த்துகிறானாம். "உள்ள ஒண்ணுமே இல்லப்பா" என்றான்.

பிரியமானவர்களே, உண்மையை மறைக்காமல் எழுதுகிறேன். அப்போது எனக்கு வந்த முதல் எண்ணம் அவன் ஆத்துமாவைக் குறித்தது அல்ல. பின்னால் நிற்கிற பையன் கேட்டுவிட்டானோ என்பதுதான்.

அன்றிரவு என் மனைவியிடம் சொன்னேன். அவர்கள் ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியும்ங்க. நீங்க எப்ப கேப்பீங்கன்னுதான் இருந்தேன்" என்றார்கள். அதற்குமேல் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏலியை நாம் கண்டபடி பேசுகிறோம். ஆனால் ஏலி கெட்ட ஊழியன் அல்ல. ஆண்டவருடைய சத்தத்தை அறியாத சாமுவேலுக்கு, அது யார் சத்தம், என்ன பதில் சொல்லவேண்டும் என்று கற்றுக்கொடுத்தது ஏலிதான். ஊரார் பிள்ளைக்கு அவன் நல்ல வாலிப ஊழியன். தன் வீட்டிலோ, ஓப்னியும் பினெகாஸும் செய்கிறதை அடுத்தவர் சொல்லித்தான் கேள்விப்பட்டான் (1 சாமு. 2:22, 23). எனக்கு அந்த இடம் குத்துகிறது. இன்னும் ஒன்று, நாம் கன்வென்ஷனில் அதிகம் பேசாத ஒன்று உண்டு. ஏலியிடம் வளர்ந்த சாமுவேலின் குமாரரும் தகப்பன் வழியில் நடக்கவில்லை, பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாயிருந்து பரிதானம் வாங்கினார்கள் (1 சாமு. 8:1-3). சாமுவேல் வருஷாவருஷம் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று சுற்றிவந்தவர். நல்ல ஊழியச் சுற்றுதான். அந்தப் பிள்ளைகளுக்கு யார் சட்டை தைத்தார்கள் என்று வேதத்தில் எழுதியில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் எந்தக் கூட்டமும் ஒத்துக்கொள்வதில்லை. மகனும் நானும் வண்டியில் அணைக்கரை வரைக்கும் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறோம். முதல் மூன்று வாரம் கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் பேசவில்லை. நானும் வசனம் எடுக்காமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். பிரசங்கம் பண்ணுகிறவனுக்கு அது நாற்பது நாள் உபவாசத்தைவிடக் கஷ்டம்! நாலாவது வாரம் கொள்ளிடத்துக் கரையில் அவனாகவே ஒரு கேள்வி கேட்டான்: "எனக்கு நம்பிக்கை வரலன்னா, நீங்க ஊழியத்தை விட்டுடுவீங்களாப்பா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "உன்னை விடமாட்டேன்டா" என்று மட்டும் சொன்னேன்.

சாட்சி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் மகன் அபிஷேகம் பெற்றான் என்று எழுதுவார்கள். அவன் இன்னும் பெறவில்லை. கடைசி வரிசையில் உட்காருகிறான், கை உயர்த்துவதில்லை. சபையில் ஒரு பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "பாஸ்டர் பிள்ளையே இப்படி இருந்தா மத்த பசங்களுக்கு என்ன சொல்றது ஐயா?" என்று வருத்தப்பட்டார். அவர் பாரத்தோடுதான் சொன்னார். நான் சொன்ன பதில்: "ஐயா, ஒரு வருஷமா அவன் பொய்யா கை தூக்கினப்ப நாம யாரும் கவலப்படலையே. இப்ப உண்மையா உக்காந்திருக்கான். அவனுக்காக ஜெபிங்க." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஜெபித்தார்.

இந்த மாதம் முதல் வாலிபர் கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் அவரவர் வீட்டில் இருக்கவேண்டும். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை தகப்பன்மாரும் வரவேண்டும். குறுவை நடவு, அறுவடை என்று வேலை இருந்தால் அந்த மாதம் நாள் மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கிற தகப்பன்மார் அன்றைக்குப் பிள்ளையோடு பத்து நிமிஷம் வீடியோ காலில் பேசி, பிள்ளைக்காகத் தாங்களே ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கடைசியாய் நான் கேட்பது என் மூத்த மகனுக்காக. இதை வாசிக்கிறவர்கள் அவனை ஒருநாளாவது ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்,
திருப்பனந்தாள்.